மூன்றாம் மாடி ஜன்னலைத் திறந்தவள்

இசக்கியம்மாளின் விரல் போனதற்கு நான்தான் காரணம். கடித்தது குரங்கு, அதில் பொய்யில்லை. ஆனால் அந்தக் குரங்கை அறைக்குள் வரவழைத்தவள் நான். என் கையாலேயே ஜன்னலைத் திறந்தேன். என் கையாலேயே தின்பண்டத்தை எடுத்து வைத்தேன். பிறகு ஒன்றும் அறியாதவளைப் போலக் கீழே போய், பருப்பு மூட்டை இறக்குவதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தேன்!

நான்கு ஆண்டுகளாக இதை யாரிடமும் சொன்னதில்லை. கணவரிடம் சொல்லவில்லை. வல்லக்கோட்டை முருகனிடம்கூட வாய் திறக்கவில்லை. அவன் சந்நிதியில் நின்று, பிள்ளைகளுக்கு நல்ல புத்தி கொடு என்று கேட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறேன். முன்பின் தெரியாத உங்களிடம் சொல்கிறேன். உங்களால் என்னை என்ன செய்துவிட முடியும் என்ற தைரியம்தான்... வேறென்ன?

நான் ஒரு பெண்கள் விடுதியின் வார்டன். ஒரகடத்திலிருந்து சேரப்பணஞ்சேரிப் பக்கம் போகிற சாலையில், தொழிற்சாலைகள் முடிந்து முட்புதர் தொடங்குகிற இடத்தில் எங்கள் கட்டடம் நிற்கிறது. நான்கு மாடிகள். இருக்கும் பெண்களெல்லாம் தெற்கத்திப் பிள்ளைகள். பக்கத்துக் கம்பெனியில் லைனில் நின்று, பொடிப்பொடியான உதிரிபாகங்களைப் பொருத்துகிறவர்கள். ஓர் அறைக்கு ஆறு பேர். ஏ ஷிப்ட், பி ஷிப்ட், சி ஷிப்ட் என்று ஒருத்தி எழும் நேரத்தில் இன்னொருத்தி படுப்பாள்.

கட்டடத்துக்குப் பின்னால் காடு என்று சொல்லும்படி பெரிதாக ஒன்றுமில்லை. புதர், பாறை, ஒரு சின்ன மேடு. அங்கே குரங்குகள் இருந்தன. நாங்கள் வருவதற்கு முன்பே இருந்தன. எங்கள் சமையலறைக் குப்பைத் தொட்டியை முதலில் கண்டுபிடித்தன, பிறகு மொட்டை மாடியை, பிறகு அறைகளை. துணி காயப்போடப் போன ஒரு பெண்ணின் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தன. பிஸ்கட் பொட்டலத்தோடு படியேறிய ஒருத்தியை வழிமறித்துப் பல்லைக் காட்டின.

வனத்துறையிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். நல்ல மனிதர். கூண்டு வைத்துப் பிடித்துப்போய் வேறெங்காவது விட்டாலும் அடுத்த கூட்டம் வரும் என்றார். "சாப்பாடு கிடைக்குதுன்னுதாம்மா வருது. கிடைக்கலன்னா அதுவே வேற வழி பாத்துக்கும். அறையில திறந்து வைக்காம இருக்கச் சொல்லுங்க. கையால போடவே கூடாது. மனுஷன்மேல அதுக்கு இருக்கிற பயம் போயிட்டா, அப்புறம் கடிதான்" என்றார்.

அவர் சொன்னது சரி. இன்றைக்கும் சரி என்றுதான் சொல்வேன். என் கதையில் அதுதான் கொடுமை... நான் ஒரு நல்ல விதிக்காகத்தான் இதைச் செய்தேன்!

கீழ்த்தளத்தில் இரும்பு லாக்கர்கள் வரிசையாக வந்து இறங்கின. ஆளுக்கு ஒன்று, பூட்டு சாவியோடு. ஊரிலிருந்து எது வந்தாலும் அங்கே வைத்துப் பூட்ட வேண்டும். அறைக்குள் ஒரு முறுக்குக்கூட இருக்கக் கூடாது. நோட்டீஸ் ஒட்டினேன். கூட்டம் போட்டேன். கெஞ்சினேன், மிரட்டினேன், குரங்கு கடித்த படங்களைக் காட்டினேன். பெண்கள் தலையை நன்றாக ஆட்டுவார்கள். மறுநாள் அறைக்குப் போய்ப் பார்த்தால், ஜன்னலோரம் எவர்சில்வர் தூக்கு திறந்தபடி இருக்கும்.

மூன்றாம் மாடியில் கடைசி அறைதான் எல்லாவற்றுக்கும் தலைமை. அந்த அறையின் தலைமை இசக்கி. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். வயது இருபத்தொன்று. வாய் கொஞ்சம் நீளம். மனசு அதைவிடப் பெரிது என்பதை அப்போது ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. லீவு முடிந்து ஊரிலிருந்து திரும்புகிறவள், தான் கொண்டுவந்ததைத் தனக்கென்று வைத்துக்கொள்ள மாட்டாள். அறையின் நடுவில் ஒரு பெரிய தகர டப்பா இருக்கும். அதில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, மூடியை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் போட்டுவிடுவார்கள். எந்த ஷிப்ட் முடிந்து எவள் வந்தாலும் யாரையும் கேட்காமல் கைவிட்டு எடுத்துக்கொள்ளலாம். டப்பாவை மூடினால், தின்றது போதும் என்று சொல்வதாக அர்த்தமாம்!

ஒருநாள் அந்த டப்பாவைக் காட்டி, "இதை ஏன் லாக்கரில் வைக்கவில்லை?" என்று கேட்டேன்.

"லாக்கரு ஆளுக்கு ஒண்ணுல்லா மேடம்? இது எல்லாருக்கும் பொது. யாரு லாக்கர்ல வைக்க?" என்றாள் இசக்கி.

"உன்னுடையதில் வை. சாவியைக் கொடுத்துவிட்டுப் போ."

"சி ஷிப்ட் முடிஞ்சி பசியோட வாரவ, தூங்குதவள எழுப்பி சாவி கேப்பாளா மேடம்? கேக்காமலே படுத்துருவா. திங்கிற பொருளப் பூட்டுனா, என்னைய நம்பலையான்னு நெனப்பாளுவ. அது நல்லாவா இருக்கும்?"

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் சிவந்துவிட்டது.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்து வளர்ந்தவள். அப்பா கோயில் மடைப்பள்ளியில் வேலை பார்த்தவர். எங்கள் வீட்டில் பாத்திரம் திறந்து கிடந்தால் வீடே அதிரும். மூடி வைப்பதுதான் ஒழுக்கம் என்று எனக்குச் சொல்லிச் சொல்லி ஊறிப்போயிருந்தது. இந்தப் பெண்களுக்குத் திறந்து வைப்பது ஒழுக்கமாக இருந்தது. அதை நான் புரிந்துகொண்டேனா? இல்லை. திமிர் என்றுதான் நினைத்தேன். புரிந்திருந்தால் அறைக்கு ஒரு பொது லாக்கரும் ஆறு சாவிகளும் வாங்கிக் கொடுத்திருக்கலாம். அவ்வளவு சின்ன விஷயம்... எனக்குத் தோன்றவே இல்லை!

விடுதியை நடத்தும் ஒப்பந்தக்காரரின் மேலாளர் ஒருநாள் வந்தார். நாற்காலியில்கூட உட்காரவில்லை. "நீங்க என்ன நோட்டீஸ் ஒட்டினாலும் இதுங்க கேக்கல. கம்பெனியிலிருந்து இன்னொரு கம்ப்ளெய்ண்ட் வந்தா வார்டனை மாத்திடுவேன். வருத்தப்படாதீங்க" என்றார்.

அந்த வாரம் முழுவதும் எனக்கு ஒரே யோசனை. பேசிப் பயனில்லை. கண்ணால் ஒருமுறை பார்த்தால்தான் இவர்களுக்கு உறைக்கும். அறை முழுக்கக் குரங்கு புகுந்து, துணிமணியெல்லாம் கிழிந்து, மெத்தையெல்லாம் நாறிக் கிடந்தால்... அப்போது தெரியும்! யாருக்கும் அடிபடக் கூடாது. ஆளில்லாத நேரத்தில் நடக்க வேண்டும். அதைத்தான் நினைத்தேன். நீங்கள் நம்புவீர்களா? நம்ப வேண்டாம். நம்பினால் என் பாரம் குறைந்துவிடும், குறையக் கூடாது.

ஒரு செவ்வாய்க்கிழமை. அந்த வாரம் மட்டும் அந்த அறையின் ஆறு பேருக்கும் ஏ ஷிப்ட். விடியற்காலையில் பஸ் ஏறிப் போனவர்கள் மதியத்துக்கு மேல்தான் திரும்புவார்கள். இசக்கி ஊரில் கோயில் கொடைவிழாவுக்குப் போய்விட்டு முந்தின நாள்தான் வந்திருந்தாள். டப்பாவில் காரச்சேவு, அதிரசம், சீனி மிட்டாய் எல்லாம் விளிம்புவரை இருந்தன.

ஒன்பதரை மணி இருக்கும். மாற்றுச்சாவி போட்டு அறையைத் திறந்தேன். ஆறு கட்டில்களும் காலி. டப்பாவைத் தூக்கி ஜன்னல் மேடையில் வைத்தேன். ஜன்னலில் குரங்குக்காகவே கம்பிவலை அடித்து, உள்பக்கம் கொக்கி வைத்திருந்தோம். அந்தக் கொக்கியை எடுத்தேன். வலைக் கதவை விரியத் திறந்தேன். நான்கைந்து அதிரசத்தை வெளித் திட்டில் போட்டேன். அதுவும் போதாதென்று... ஆமாம், அதையும் சொல்லிவிடுகிறேன்... பாறைப் பக்கம் பார்த்து நாக்கைச் சுழற்றி ஒலி எழுப்பினேன். கோழியைக் கூப்பிடுவதுபோலக் குரங்கைக் கூப்பிட்டேன்.

கதவைப் பூட்டிக்கொண்டு கீழே வந்தேன். என் மேசைக்குப் போகவில்லை. யாராவது வந்து சொன்னால் உடனே மேலே போக வேண்டியிருக்கும் அல்லவா? அதனால் பின்பக்கம், சமையலறைக்குப் போய் நின்றுகொண்டேன். அன்று மளிகைச் சாமான் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. நல்ல சாக்கு.

பத்து மணிக்குக் கம்பெனி வேன் ஒன்று வந்து நின்றிருக்கிறது. லைனில் நின்றுகொண்டிருந்த இசக்கிக்குக் காய்ச்சல் கொதித்து, அங்கிருந்த நர்ஸ் மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறாள். வாசலில் இருந்த காவலாளி அவள் பெயரைப் பதிவேட்டில் எழுதி, பதிவேட்டை என் மேசையில் கொண்டுவந்து வைத்திருக்கிறார். அதைப் பார்ப்பதுதான் என் வேலை. மேசைக்குப் போயிருந்தால் பார்த்திருப்பேன்!

இசக்கி தன் சாவியால் அறையைத் திறந்து, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கீழ்க்கட்டிலில் படுத்துவிட்டாள்.

பதினொரு மணிக்குக் குரங்குகள் வந்தன. தட்டுமுட்டுச் சாமான் விழுகிற ஓசை சமையலறைவரை கேட்டது. எங்கள் சமையற்காரி கஸ்தூரி, உள்ளூர்ப் பெண், கையில் கரண்டியோடு ஓடி வந்தாள்.

"மேடம், மூணாவது மாடில கொரங்கு பூந்துகினு கீது! சத்தம் கேக்குது இல்ல?"

"தெரியும். இருக்கட்டும்" என்றேன்.

"இன்னா மேடம், இருக்கட்டும்ன்றீங்க? புள்ளைங்க துணியெல்லாம் நாசமாப் பூடும்!"

"போகட்டும்மா. ஆள் இல்லாத அறைதானே... கொஞ்ச நேரம் இருக்கட்டும். அப்போதுதான் இவர்களுக்குப் புத்தி வரும்."

அவள் படியேறப் போனாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். அந்த நேரத்தில் எனக்குள் என்ன இருந்தது தெரியுமா? சந்தோஷம்! மேலே ஒவ்வொரு பொருளும் விழ விழ, உங்களுக்கு வேண்டும், நன்றாக வேண்டும் என்று மனசு குதித்தது. அதை எழுதும்போதுகூட என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

பிறகு ஓர் அலறல் கேட்டது. அது மனித அலறல்.

கஸ்தூரி என் கையை உதறிவிட்டு ஓடினாள். படிக்கட்டின் கம்பியைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக ஏறினேன். நான் போய்ச் சேர்வதற்குள் கஸ்தூரி கரண்டியைக் கட்டிலில் அடித்து அடித்துக் குரங்குகளை விரட்டியிருந்தாள். தரையெல்லாம் காரச்சேவும் ரத்தமும். இசக்கி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இடது கையால் அந்த டப்பாவை மார்போடு அணைத்திருந்தாள். வலது கையை என்னால் பார்க்க முடியவில்லை.

கூட்டத்தின் பெரிய கடுவன் குரங்கு டப்பாவை இழுத்திருக்கிறது. இவள் விடவில்லை. காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு எழுந்து அதனோடு மல்லுக்கட்டியிருக்கிறாள். மற்றவர்கள் ஷிப்ட் முடிந்து வந்தால் தின்ன வேண்டுமே என்று...

ஆஸ்பத்திரியில் ஆள்காட்டி விரலைப் பாதிக்கு மேல் எடுத்துவிட்டார்கள். கட்டைவிரல் இருந்தது, ஆனால் நரம்பு அறுபட்டதால் மடங்கவில்லை. வெறிநாய்க்கடிக்குப் போடுவதுபோல ஊசிகள் போட்டார்கள்.

மறுநாள் அவளைப் பார்க்கப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். சத்தியமாக அப்படித்தான். கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"தப்பு என் மேலதான் மேடம். நேத்து காலையில ரூம்லருந்து கடைசியா கெளம்புனவ நான்தான். அவசரத்துல அள்ளித் தின்னுட்டு டப்பாவ ஜன்னல்ல வச்சிருப்பேன் போல. கொக்கியும் நான்தான் போடாம வந்திருக்கணும். திரும்பி வந்தப்போ திறந்து கெடந்தத பாத்தேன். எந்திரிச்சு மூட முடியல... நீங்க எத்தன தடவ சொன்னிய!"

நான் என்ன செய்திருக்க வேண்டும்? சொல்லுங்கள், நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நான் அவள் நெற்றியைத் தடவிக் கொடுத்தேன். "போனது போகட்டும்" என்றேன். போனது யாருடையது? மன்னிக்கிற உரிமையை எனக்கு யார் கொடுத்தார்கள்?

அறிக்கை கேட்டார்கள். எழுதினேன். விடுதி விதியை மீறி அறையில் உணவு வைத்திருந்ததும், ஜன்னல் வலையைத் திறந்துவிட்டதுமே சம்பவத்துக்குக் காரணம் என்று என் அழகான கையெழுத்தில் எழுதினேன். அவள் படித்துக்கூடப் பார்க்கவில்லை. இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

அவள் வேலை விரல்களின் வேலை. அரிசி மணி அளவுள்ள பாகத்தை எடுத்துப் பொருத்த வேண்டும். மருத்துவப் பரிசோதனையில் தகுதியில்லை என்று வந்தது. அவளுடைய தவறு என்று என் அறிக்கை சொன்னதால் வேறு பிரிவில் இடம் கேட்டுப் பேசவும் ஆளில்லை. நான் பேசியிருக்கலாம்... ஒரு மாதத்தில் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

கிளம்புகிற அன்று அறைத் தோழிகள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவள் அழவில்லை. "ஏட்டி, அழாதிய. இனிமேயாவது வார்டன் சொல்லுத மாதிரி கீழ பூட்டி வைங்க. எனக்கு ஆனது போதும்" என்றாள்.

அன்று சாயங்காலமே எல்லா அறைகளிலிருந்தும் டப்பாக்கள் கீழே இறங்கின. லாக்கர்கள் நிறைந்தன. நான் ஆறு மாதம் கத்தியும் நடக்காதது அவள் சொன்ன ஒரு வார்த்தையில் நடந்தது. சில வாரங்களில் குரங்குகளின் வரத்தும் குறைந்தது. மேலாளர் வந்து, இந்த முறை நாற்காலியில் உட்கார்ந்து, காபி குடித்துவிட்டு, "பரவாயில்லையே, நீங்க பெரிய ஆளுதான்!" என்றார்.

கஸ்தூரி மட்டும் ஒருமுறை கேட்டாள். பாத்திரம் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல்: "எந்த அறைன்னு ஏறிப் பாக்காமலே, ஆளில்லாத அறைன்னு எப்டி மேடம் சொன்னீங்க?" நான் மளிகைச் சீட்டை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். அவளும் மறுபடி கேட்கவில்லை. தெரியும் என்று நினைக்கிறேன். இரண்டு மாதத்தில் வேறு இடத்தில் வேலை கிடைத்தது என்று போய்விட்டாள்.

இதோடு முடிந்திருந்தால்கூட, பயத்தில் வாய் மூடிக்கொண்ட கோழை என்று என்னைச் சொல்லிவிட்டுப் போகலாம். நான் அதற்கும் மேலே போனேன். புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு முதல் நாள் ஒரு வகுப்பு நடக்கும். அதில் உணவுப் பாதுகாப்பைப் பற்றி நான் பேச வேண்டும். பேச்சு எடுபட வேண்டுமே... இசக்கியின் கதையை எடுத்தேன். பெயரைச் சொல்லவில்லை. "இங்கே ஒரு பெண் இருந்தாள். எத்தனை சொல்லியும் கேட்கவில்லை" என்று தொடங்குவேன். எந்த இடத்தில் நிறுத்தினால் பிள்ளைகள் மூச்சைப் பிடிப்பார்கள், எந்த இடத்தில் வாயைப் பொத்துவார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. பேசிப் பேசி, சில சமயம் நானே நம்பிவிடுவேன். அவள்தான் கொக்கியை எடுத்தாள்... அவள்தான் டப்பாவை வைத்தாள்...

இந்த வருடம் வந்த ஒரு கூட்டத்தில் அப்படிப் பேசி முடித்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். ஒல்லியாக, எண்ணெய் தேய்த்து வாரிய தலையோடு இருந்தாள்.

"மேடம், அது எங்க அக்காதான். இசக்கியம்மா. நான் பேச்சியம்மா, அவ தங்கச்சி."

நாற்பது பெண்களும் திரும்பி அவளைப் பார்த்தார்கள்.

"அவதான் மேடம் சொல்லி அனுப்புனா. வார்டன் மேடம் என்ன சொன்னாலும் கேளுட்டி, நான் கேக்காமத்தான் இப்படி ஆயிட்டுன்னா. உங்கள விசாரிச்சதாச் சொல்லச் சொன்னா."

அந்த இடத்தில், அந்த நாற்பது பேர் முன்னிலையில் சொல்லியிருக்கலாம். இதைவிடத் தெளிவாக ஒரு நேரம் யாருக்கும் வாய்க்காது. என் வாய் திறந்தது. "உட்காரும்மா" என்று சொல்லி மூடிக்கொண்டது.

பிறகு அவளைத் தனியாகக் கூப்பிட்டு, அக்கா என்ன செய்கிறாள் என்று கேட்டேன். வீட்டோடுதான் இருக்கிறாளாம். பீடி சுற்றிப் பார்த்தாளாம், விரல் ஒத்துழைக்கவில்லையாம். இரண்டு இடத்திலிருந்து பெண் பார்க்க வந்து, கையைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்களாம். "அவ செஞ்ச தப்புக்கு அவளே அனுபவிக்கான்னு எங்கம்மா ஏசுவா மேடம். அவ ஒண்ணுமே பேச மாட்டா" என்றாள் அந்தப் பெண்.

செய்தி மேலாளர் காதுக்குப் போய்விட்டது. அவருக்கு ஒரே உற்சாகம். "சொந்தத் தங்கச்சியே சொன்னா அதுக்குத் தனி பவர்! இனிமே வகுப்புல அந்தப் பொண்ணையே பேசச் சொல்லுங்க" என்றார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன காரணம் இருந்தது? உண்மையான காரணம் ஒன்றுதான் இருந்தது. அதை நான் சொல்லவில்லை.

போன திங்கட்கிழமை பேச்சியம்மாள் முதன்முறையாக மேடையேறிப் பேசினாள். முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து நான் முழுவதையும் கேட்டேன். "எங்க அக்கா சொன்ன பேச்சு கேக்க மாட்டா. திங்கிற டப்பாவ ஜன்னல்ல வச்சா. கொக்கியத் தெறந்து போட்டா. அவளால எங்க குடும்பமே தல குனிஞ்சிட்டு. நீங்க யாரும் எங்க அக்கா மாதிரி இருக்காதிய" என்றாள். புதிய பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கைதட்டினார்கள்.

இறங்கியவள் நேராக என்னிடம் வந்தாள். முகமெல்லாம் வியர்த்திருந்தது.

"சரியாச் சொன்னனா மேடம்?" என்று கேட்டாள்.

"சரியாகச் சொன்னாய்" என்றேன்.